சுண்ணக் குன்றின் மேல் ஒரு காசிக் கிணறு

இலண்டனில் இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்த பின்னரும் இங்கிலாந்தைக் காணாதவர்கள் எம்மிடையே பலர் உளர். வெம்பிளியின் கடைத்தெருவும், ஈஸ்ற்ஹாம் கோயில் வீதியும், ஹீத்ரோ விமான நிலையத்தின் வரவேற்பு மண்டபமும் எமக்கு நன்கு தெரியும். வழக்கு அலுவல்களுக்காகக் குறொய்டனையும் அறிவோம். இவற்றுக்கு அப்பால், திருமண வீடொன்றுக்காக நெடுஞ்சாலையில் விரைகையில் கார்க் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறையும் பச்சை நிறம் மட்டுமே எமக்கு இங்கிலாந்து. அந்தப் பச்சைக்குள் ஒரு நாளேனும் இறங்கி நடக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாகவே எம்மிடம் இருந்தது. கடந்த கோடையின் ஒரு சனிக்கிழமை அது நிறைவேறியது.

நாம் பதினான்கு பேர். எமக்கு வழிகாட்டியவர் வடமராட்சியில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. பதினாறு ஆசனங்கள் கொண்ட மினிபஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். இதில் ஒரு சிக்கல் உண்டு என்பதை வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. 1997 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்கே இத்தகைய வண்டியைக் கூலியின்றி ஓட்டும் உரிமை பொதுவாக அந்தப் பத்திரத்திலேயே இருக்கும். பின்னர் பெற்றவர்கள் தமது பத்திரத்தை நன்கு பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல வேளையாக எம்மிடையே பழைய பத்திரக்காரர் ஒருவர் இருந்தார்.

அண்மையில் இந்நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பத்துக்கு முடிவு கிடைக்காதிருக்கும் இரு இளைஞர்களும் எம்மோடு வந்தனர். அவர்களிடம் பங்குப் பணம் கேட்கவில்லை. ஒருவர் குறித்த நாட்களில் சென்று கையொப்பம் இடுபவர். “இலண்டனை விட்டு வெளியே போனால் பிடிப்பார்களோ?” என்று முதலில் தயங்கினார். அவரது சட்டத்தரணியிடம் கேட்டபோது, இரவு தங்காது அன்றே திரும்பும் பயணத்துக்கு அவருடைய நிபந்தனைகளில் தடை ஏதும் இல்லை என்று பதில் வந்தது. நிபந்தனைகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலால் இந்நிலையில் உள்ளவர்கள் தத்தம் சட்டத்தரணியிடம் கேட்டறிந்து செல்வதே முறை.

காலை எட்டரை மணிக்கு வெம்பிளியில் இருந்து புறப்பட்டோம். சோற்றுப் பார்சல்கள், பருத்தித்துறை வடை, ரோல்ஸ், இரண்டு பெரிய பிளாஸ்க்குகளில் தேநீர் என்று பின் ஆசனம் நிறைந்திருந்தது. எம் ஓய்வு நாளுக்கு ஏன் ஒரு கிணற்றைத் தெரிவு செய்தீர்கள் என்று பலரும் மாஸ்டரைக் கேலி செய்தார்கள். அரண்மனை இல்லையா, கடற்கரை இல்லையா என்றார்கள். “யாழ்ப்பாணத்தார் கிணறு பார்க்கப் போகாமல் வேறு எதைப் பார்க்கப் போகிறது?” என்பதே அவருடைய பதில்.

எம்40 நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, மார்லோவைக் கடந்து, ஹென்லியில் தேம்ஸ் நதியின் கற்பாலத்தைத் தாண்டியதும் பாதை மேல்நோக்கி ஏறத் தொடங்கியது. இரு மருங்கும் பீச் மரக் காடுகள். இவையே சில்ரேர்ன் குன்றுகள். ஒரே ஒரு வண்டி செல்லக்கூடிய ஒழுங்கைகளில் எதிரே டிராக்டர் வந்தபோது எமது சாரதி பின்னோக்கி ஓட்டிய வித்தையைக் கண்டு உள்ளே இருந்தவர்கள் பிள்ளையாரைக் கூப்பிட்டார்கள்.

வானத்தில் செந்நிறப் பருந்துகள் வட்டமிட்டன. ஒன்று இரண்டு அல்ல. எந்தப் பக்கம் நோக்கினும் ஒன்று தெரிந்தது. இங்கிலாந்தில் இப்பறவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு அற்றுப் போய்விட்டது. 1989 முதல் 1994 வரை ஸ்பெயினில் இருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இக்குன்றுகளில் விட்டார்கள். அவற்றின் வழிவந்தவையே இவை என்று மாஸ்டர் விளக்கினார். முன் ஆசனத்தில் இருந்த ஆச்சி, “அப்ப இதுகளும் வெளிநாட்டில இருந்து வந்ததுகள்தான். விசா கெதியாக் கிடைச்சிருக்கு” என்றார். கையொப்பம் இடும் இளைஞரே எல்லோரிலும் பலமாகச் சிரித்தார்.

ஸ்ரோக் றோ என்பது குன்றின் உச்சியில் உள்ள சிற்றூர். ஒரு வீதி, ஒரு தேவாலயம், ஒரு கடை, சில வீடுகள். அந்த வீதியோரத்தில், செங்கல் வீடுகளின் நடுவே, வடஇந்தியாவில் இருந்து பெயர்த்து வந்து வைத்தாற்போல ஒரு மண்டபம் நிற்கின்றது. வார்ப்பிரும்புத் தூண்கள், அவற்றின் மேல் வெங்காய வடிவில் கூம்பிய குவிமாடம். நடுவே நீர் இறைக்கும் பொறி. அப்பொறியின் உச்சியில் பொன் பூசிய யானை ஒன்று. இதுவே ‘மகாராசாவின் கிணறு’. பார்க்கக் கட்டணம் இல்லை.

இதன் வரலாறு இது. எட்வேர்ட் அண்டர்டன் றீட் என்பவர் அயலில் உள்ள இப்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் வடமேற்கு மாகாணங்களில் நெடுங்காலம் பெரும் பதவிகளில் இருந்தார். காசி மகாராசா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்குக்கு நண்பரானார். ஒரு நாள் உரையாடலில் தம் சொந்த நாட்டுக் குன்றுகளில் வாழும் ஏழைகள் நீருக்குப் படும் பாட்டைச் சொன்னார். வீட்டில் எஞ்சியிருந்த கடைசி நீரைக் குடித்துவிட்டதற்காகத் தாயிடம் அடிபட்ட ஒரு சிறுவனின் கதையும் அதில் ஒன்று. ஆண்டுகள் சென்றன. 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும் வந்து போயிற்று. றீட் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். இங்கிலாந்தில் ஒரு தருமம் செய்ய விரும்பிய மகாராசாவுக்கு அந்தச் சிறுவனின் கதை நினைவில் இருந்தது.

1863 இல் தோண்டத் தொடங்கினார்கள். இயந்திரம் இல்லை, மனிதக் கைகளே. வாயின் அகலம் நான்கு அடி மட்டுமே. அதற்குள் குனிந்தும் நிமிர்ந்தும் வெட்டி, மண்ணையும் சுண்ணக் கல்லையும் வாளியில் மேலே அனுப்பி, 368 அடி ஆழத்தில் நீரைக் கண்டார்கள். சென் போல் பேராலயத்தை இலண்டனில் எல்லோரும் கண்டிருப்பீர்கள். நிலத்தில் இருந்து அதன் உச்சிச் சிலுவை வரை 365 அடி. அந்த ஆலயத்தை அப்படியே இக்கிணற்றுக்குள் இறக்க முடியுமானால் அது முழுவதும் அமிழ்ந்து, மேலே மூன்று அடி எஞ்சும். விக்ரோறியா மகாராணியின் பிறந்தநாளான 1864 மே 24 அன்று கிணறு ஊராருக்குத் திறந்துவிடப்பட்டது.

பராமரிப்புச் செலவுக்கென அருகே நிலம் வாங்கிச் செர்ரி மரங்கள் நட்டார்கள். பழம் விற்ற காசு கிணற்றுக்கு. காவலாளிக்கு எட்டுப் பக்கங்கள் கொண்ட சிறு வீடு ஒன்று. தோப்பில் மீன் வடிவில் ஒரு குளமும் வெட்டினார்கள். மீன் மகாராசாவின் இலச்சினை. எமது ஊர்களில் கேணி கட்டியவர் அதன் செலவுக்கென்று வயலோ தென்னங்காணியோ எழுதிவைப்பாரே, அதே ஒழுங்குதான். 1889 வரை வாழ்ந்த அந்த அரசர் தம் கிணற்றை ஒருபோதும் கண்ணால் காணவில்லை.

இவ்விடத்தில் எமக்கு ஒரு கேள்வி எழுந்தது. அதை மறைப்பது நேர்மையன்று. 1860, 1861 ஆம் ஆண்டுகளில் அதே வடமேற்கு மாகாணங்களின் மேற்குப் பகுதியைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்து, மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டார்கள். பஞ்சம் ஓய்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் காசியின் காசு ஆளும் நாட்டின் குன்றுக்கு வந்து சேர்ந்தது. இதைத் தருமம் என்பதா, ஆட்சியாளருக்கு இட்ட காணிக்கை என்பதா? இலண்டனின் றீஜன்ற்ஸ் பூங்காவிலும் பம்பாய்ப் பார்சிச் செல்வர் ஒருவர் 1869 இல் கட்டுவித்த குடிநீர்த் தூண் நிற்கின்றது. தம் மக்களுக்கு ஆங்கில ஆட்சி அளித்த பாதுகாப்புக்கான நன்றி என்று அதிலேயே பொறித்திருக்கின்றார்கள். அக்காலத்து அரசியலில் இத்தகைய கொடைகளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆயினும் நீரைக் குடித்தவர்கள் அரசியல்வாதிகள் அல்லர், ஏழைக் கூலிகள். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் இதில் நீர் அள்ளினார்கள். இரண்டையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது எமது கருத்து. 1964 இல் நூற்றாண்டு விழாவுக்கு எடின்பரோ கோமகன் வந்தார். அப்போது கங்கை நீரைக் கொண்டுவந்து இக்கிணற்றில் கலந்தார்கள்.

சிறுவன் அடிபட்ட கதையை மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தபோதே எம்மில் ஒரு பெண்மணி கூட்டத்தை விட்டு விலகிச் செர்ரித் தோப்புப் பக்கம் சென்றுவிட்டார். வெயில் பிடிக்கவில்லையோ என்று எண்ணினோம். பின்னர் உணவு வேளையில் தாமாகவே சொன்னார். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு. வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்கின்றது. மழை. அடி அடியாகத்தான் நகர முடிந்தது. கையில் ஒரு போத்தல் நீர். அதன் அடியில் சிறிதே எஞ்சியிருந்தது. சைக்கிள் கரியரில் வைத்து உருட்டி வந்த மாமியாருக்கென்று அதை வைத்திருந்தார். எட்டு வயது மகன் எடுத்துக் குடித்துவிட்டான். “நாலு பேர் பார்க்க அடிச்சன். அவனுக்கு அது ஞாபகம் இருக்கோ தெரியாது. நான் கேட்டதில்லை.” மாமியார் அந்த இரவைத் தாண்டினார், கைதடியில் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவ்வளவே சொன்னார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆச்சி தம் பார்சலில் இருந்த முட்டையை எடுத்து அவருடைய சோற்றில் வைத்தார்.

இனி, எம்மோடு வந்த ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். எண்பது வயதை அண்மித்தவர். இளமையில் தோட்டக்காரர், கோடையில் கிணறு வெட்டவும், வெட்டிய கிணற்றை ஆழமாக்கவும் போவார். 1990 இல் அப்பகுதி மக்கள் அனைவரோடும் இடம்பெயர்ந்தவர். அவரது காணி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. போர் முடிந்த பின் கட்டங்கட்டமாகக் காணிகளை விடுவித்தார்கள். ஒரு பகுதி இன்னமும் படையினர் வசமே உள்ளது. ஐயாவின் காணி சில ஆண்டுகளுக்கு முன் கிடைத்தது. வீடு இல்லை. கிணறு இருக்கின்றது, இடித்த வீட்டின் கல்லும் மண்ணும் போட்டு முக்கால்வாசி தூர்ந்திருக்கின்றது. அங்கு குடியேறியுள்ள பெறாமகன், அதை முற்றாக மூடிவிட்டுப் பக்கத்தில் குழாய்க்கிணறு அடிக்கலாம் என்று கேட்டிருந்தார். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு ஐயாவுக்கு; காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. அவருடைய சம்மதம் வேண்டும். இரண்டு மாதமாக அவர் பதில் சொல்லவில்லை. இதெல்லாம் எமக்கு அன்றுதான் தெரியவந்தது.

கிணற்று வாயை மூடியிருந்த பாதுகாப்புத் தடுப்பின் மேலாக ஐயா நெடுநேரம் எட்டிப் பார்த்தபடி நின்றார். இருள்தான் தெரிந்தது. “368 அடி எண்டால் அறுபத்தொரு பாகம்” என்று தமக்குள் கணக்கிட்டார். “எங்கட கிணறு ஆறு பாகம். அதுக்கே கீழ நிண்டு மேல பார்த்தால் வானம் ஒரு தட்டு மாதிரி. இவன் என்னத்தைப் பார்த்திருப்பான்?” மகாராசாவையோ றீட்டையோ பற்றி அவர் கேட்கவில்லை, கீழே நின்று வெட்டியவனின் பெயர் எங்காவது எழுதியிருக்கின்றதா என்றே கேட்டார். தூண்களையும் குவிமாடத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். அப்பெயர் எமது கண்ணில் படவில்லை.

அப்போது மாஸ்டர் நிலத்தில் ஒரு தடியால் கீறிக் காட்டிய பாடம் எமக்கு அந்நாளின் சிறந்த பகுதியாக அமைந்தது. இக்குன்றுகள் சுண்ணத்தால் ஆனவை. யாழ்ப்பாணமும் சுண்ணக் கல்லின் மேலேயே இருக்கின்றது. இரண்டிலும் மழைநீர் மேலே தங்குவதில்லை. வெடிப்புகளின் ஊடாகக் கீழே இறங்கிவிடும். அதனாலேயே அங்கும் வற்றாத ஆறு கிடையாது, இக்குன்றின் உச்சியிலும் ஓடை கிடையாது. இலண்டனில் எமது கேத்திலின் உள்ளே வெள்ளையாகப் படியும் காறை, ஊரில் படிந்த அதே சுண்ணம்தான். (இதைக் கேட்ட பெண்கள், “அதுதானே! வினாகிரி ஊத்தினால்தான் போகுது” என்று ஒரே குரலில் சொன்னார்கள்.)

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஸ்ரோக் றோவில் கடல் தொலைவில் உள்ளது, நிலமோ உயரம். ஆழம் போனால்தான் நீர். யாழ்ப்பாணத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய வில்லை போல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழ் ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்பது புவியியலார் கணக்கு. மேலே உள்ள அந்த ஓர் அடியை இறைத்துக் குறைத்தால் கீழே நாற்பது அடிக்கு உவர் ஏறிவிடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நாம் பள்ளியில் படித்திருக்கின்றோம். ஆகவே ஆழமாகக் குழாய் இறக்கி விசை இயந்திரத்தால் உறிஞ்சுவது அங்கு ஆபத்து. அகன்ற வாயுள்ள, ஆழம் குறைந்த பழைய கிணறு நீரை மேலாக அள்ளியது. துலா மிதித்த காலத்தில் ஒருவன் நாள் முழுவதும் ஏறி இறங்கினாலும் அள்ளக்கூடிய நீருக்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லையே உவர் ஏறாமல் காத்தது.

ஐயா ஒன்றும் சொல்லவில்லை. தடியை வாங்கி மாஸ்டரின் கீறலில் ஒரு கோட்டைத் திருத்தினார்.

உணவின் பின் குன்றில் இருந்து வடக்கே இறங்கி யூவெல்ம் என்ற ஊருக்குச் சென்றோம். இங்கு ஒரு வியப்பு. உச்சியில் 368 அடி தோண்டித் தேடிய அதே வகை நீர், குன்றின் அடியில் தானாகவே ஊற்றெடுத்து வீதியோரமாக ஓடுகின்றது. ஊரின் பெயருக்கே பழைய ஆங்கிலத்தில் ஊற்று என்றுதான் பொருள். கண்ணாடி போன்ற நீர். அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணலாம். உலகில் உள்ள சுண்ண நீரோடைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலேயே உள்ளன. இந்நீரில் வாட்டர்கிரெஸ் என்னும் கீரையைப் பாத்தி கட்டி வளர்த்து 1988 வரை சந்தைக்கு அனுப்பினார்கள். இலை தடித்து, கடித்தால் கடுகு போல் காரும். வரம்புகளும் மடைகளும் இன்றும் உள்ளன. அந்த மடைகளைக் கண்டதும் எமது தோட்டக்காரர்கள் சிறுவர்களாகிவிட்டார்கள். எந்தப் பலகையைத் தூக்கினால் எந்தப் பாத்திக்கு நீர் பாயும் என்று வாதம் மூண்டது.

ஊரின் தேவாலயத்தையும் பார்த்தோம். ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சோசரின் பேத்தி ஆலிஸ், 1475 இல் இறந்தவர், அங்கே துயில்கின்றார். கல்லறையின் மேல் அரசகுலப் பெண்ணாக ஒரு சிலை; கீழே, குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி, வற்றி எலும்பான உடலாக இன்னொரு சிலை. அவருடைய கணவர் சபோக் கோமகன் 1450 இல் நாடு கடத்தப்பட்டுச் செல்லும் வழியில் கடலிலேயே கொல்லப்பட்டார். இருவரும் 1437 இல் பதின்மூன்று ஏழை முதியவர்களுக்கென்று நிறுவிய இல்லம் தேவாலயத்தை ஒட்டி உள்ளது; இன்றும் முதியவர்கள் அதில் வசிக்கின்றார்கள். அவர்கள் கட்டிய பள்ளியில் இன்றும் சிறுவர்கள் படிக்கின்றார்கள். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோமின் கல்லறையும் வெளியே உண்டு. எம்மில் சிலர் அதற்குள் தேநீர் பிளாஸ்க்கைத் தேடிப் போய்விட்டார்கள்.

பிற்பகல் மூன்று மணி. யாழ்ப்பாணத்தில் இரவு ஏழரை. ஓடைக்கரையில் இருந்த மரக்குற்றியில் அமர்ந்து ஐயா பெறாமகனுக்குத் தொலைபேசி எடுத்தார். காது மந்தமானதால் ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“தம்பி, குழாய்க்கிணறு வேண்டாம். மூடவும் வேண்டாம். தூர் எடு.”

“பெரியப்பா, கல்லு எடுக்க நிறையக் காசு முடியும். உள்ளுக்குள்ள வேற என்னென்ன கிடக்கோ தெரியாது.”

மறுமுனையில் சொல்லப்பட்டது வீண் அச்சம் அன்று. படையினர் இருந்த காணிகளில் கிணற்றுக்குள் வெடிபொருள் கிடக்கலாம் என்பது எல்லோரும் அறிந்ததே. ஐயாவும் அதை அறிவார். முதலில் கண்ணிவெடி அகற்றுவோருக்கு அறிவித்து அவர்கள் பார்த்த பின்னரே ஆட்களை இறக்க வேண்டும் என்றும், செலவில் தம் பங்குக்கு மேலாகவே தருவதாகவும், ரொறன்ரோவில் உள்ள தம்பியுடன் தாமே பேசுவதாகவும் சொன்னார். பிறகு, கிழக்குப் பக்கக் கட்டில் நாலாவது வரிக் கல்லில் தாம் மிதித்து இறங்கும் பள்ளம் இருக்கின்றதா என்று பார்க்கச் சொன்னார். பெறாமகன் காலையில் வெளிச்சம் வந்ததும் பார்ப்பதாகச் சொன்னார். செலவு பற்றி இன்னும் உடன்பாடு இல்லை என்றே எமக்குப் பட்டது.

திரும்பும் வழியில் வாட்லிங்ரன் ஊடாக எம்40 இல் ஏறினோம். ஸ்ரோக்கன்சேர்ச் அருகே நெடுஞ்சாலை குன்றை வெட்டிக்கொண்டு செல்கின்றது. இரு பக்கமும் வெள்ளைச் சுண்ணச் சுவர். நாளாந்தம் அவ்வழியே ஒக்ஸ்போர்டுக்கு வேலைக்குச் செல்லும் ஒருவர், இத்தனை நாளும் அது என்னவென்று தாம் நினைத்ததே இல்லை என்றார். பலர் உறங்கிவிட்டார்கள்.

சொந்தமாகச் செல்ல விரும்பும் வாசகர்களுக்கு: ஸ்ரோக் றோ, ஹென்லிக்கும் வாலிங்போர்டுக்கும் இடையில் உள்ளது. ஊர் ஒழுங்கைகள் ஒடுங்கியவை. பெரிய பஸ் ஒழுங்கு செய்யாதீர்கள். மழைக்காலமாயின் பழைய சப்பாத்து அணிந்து செல்லுங்கள்.

வெம்பிளியில் இறங்கும்போது மணி ஏழு. செர்ரித் தோப்புப் பக்கம் விலகிச் சென்ற அந்தப் பெண்மணி, அடுத்த முறையும் இதே இடத்துக்குத்தான் போவீர்களா என்று மாஸ்டரிடம் விசாரித்தார். புதிதாக வருவோர் கேட்டால் போகலாம் என்றார் மாஸ்டர். அப்படியானால் தமக்கு இரண்டு ஆசனம் வைக்கும்படியும், மகனின் வேலை நாட்களைக் கேட்டுவிட்டுத் திகதி சொல்வதாகவும் கூறிவிட்டு, வெறும் பிளாஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்.